நல்ல சுகத்துடன் இருந்தார்

பலீல் சேர் மூன்று தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். கையெழுத்து இருந்த அடிப்பகுதியை ஒரு நீளமான கோப்பால் மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல எது யார்ட? சொல்லுங்க பாப்போம்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றையும் எழுதியவள் நான்தான். ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே ஆங்கிலம்.

"தெரியல்ல என்ன? எனக்கும் தெரியல்ல. அன்று காலை ஜெயரூபனை அவருடைய வீட்டு வாசலில் கண்டேன், அவர் நல்ல சுகத்துடன் இருந்தார். மூணு பேரும் இதே சொல்லு. பக்கத்து வீட்டுக்காரன வாசல்ல காண்ற ஆள், அவர்ட சுகத்தப் பாத்துட்டா போவான்? மூணு பேரும் டொக்டர்மாரா?"

அறையில் இன்னொரு மேசையில் இருந்த பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணியளவில், மடுல்சீமைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் மலை இறங்கியது. எட்டு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி நின்ற எங்கள் லயத்தில் மேற்குப் பக்கத்து முதல் மூன்று காம்பராக்களும், பின்னால் இருந்த மாட்டுப்பட்டியும் மரக்கறிப் பாத்திகளும் மண்ணுக்குள் போயின. நாலு பேர். மூன்று பேரை எடுத்துவிட்டார்கள். நாலாவது ஆள் என் கணவர் ஜெயரூபன். ஒன்பது நாள் தோண்டினார்கள். பத்தாவது நாள் மழை மறுபடி பிடித்தது. இனித் தோண்டினால் தோண்டுகிறவர்களும் போய்விடுவார்கள் என்று பெக்கோ இயந்திரத்தைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அன்று நான் தோட்டத்தில் இல்லை. முதல்நாள் பதுளைக்கு வந்து, மழையில் பஸ் நின்றுபோனதால் என் தங்கை வீட்டில் தங்கிவிட்டேன்.

உடல் கிடைக்காதவர்களை இறந்தவர்களாகப் பதிவதற்காகப் பதுளையில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்திருந்தார்கள். பலீல் சேர் அந்தக் குழுவின் உத்தியோகத்தர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அன்று காலை ஜெயரூபனை லயத்தில் கண்ட மூன்று பேர் எழுதித் தரவேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்புக்குக் கொழும்புக்குப் போகும், எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் இருந்தால் குழு அன்றைக்கே வாசித்துவிடும். அவர் இறந்துவிட்டார் என்று ஒரு தாள் வந்தால்தான் புது வீட்டுப் பட்டியலில் எங்கள் பெயர் நிற்கும். அதைவிட, கருமாதி செய்வதா வேண்டாமா என்று எங்கள் ஆட்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தார்கள். நான் பூ வைத்தாலும் பேசினார்கள், வைக்காவிட்டாலும் பேசினார்கள்.

"இன்னொண்டு," என்றார் பலீல் சேர். "வெல்லவாய பஸ் ஸ்டாண்டுல அவரக் கண்டதா ஒரு கதை இரிக்கி. உங்கட ஆக்கள்தான் சொல்றாங்க. நீங்க கேள்விப்படல்லையா?"

"கேள்விப்பட்டேன் சேர்."

"அப்ப இந்த மூணு தாளையும் நான் எப்படி நம்புறது, தங்கச்சி? இருவத்திரெண்டாம் திகதி குழு கூடுது. மூணு பேரும் நேர்ல வரட்டும். என்ட முன்னால, ஒவ்வொருத்தரா, அவங்கட கையால எழுதட்டும். பிழை இருந்தாக் காரியமில்ல. நீங்களும் ஒண்டு எழுதோணும்."

எங்கள் தோட்டத்தில் கடிதம் எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு லயத்துக்கு ஒருவர் எழுதுவார். கடிதம் வேண்டியவர் வந்து அடுப்படியில் நிற்பார். என்ன எழுதவேண்டும் என்று சொல்லமாட்டார். "நீயே பாத்து எழுது" என்பார். எழுதியதை வாசித்துக் காட்டினால் காது கொடுக்கமாட்டார். கேட்டால் எழுதியவரை நம்பாதது போலாகிவிடும். அடையாள அட்டைக்கும் பிறப்புப் பதிவுக்கும் தோட்ட மேலாளரான துரைக்குக் கொடுக்கும் லீவுக் கடிதத்துக்கும் இதே வழக்கம்தான். கடிதம் எழுதுகிறவருடையது, கீழே உள்ள பெயர் மட்டும் மற்றவருடையது. எங்கள் லயத்தில் எழுதுகிறவள் நான். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்ததால், கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டுக் கொப்பியும் பேனாவுமாக உட்கார எனக்கு நேரம் இருந்தது.

ஆங்கிலம் மட்டும் புதிது. பதுளையில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார் சஜீவனி மிஸ். பிள்ளைக்காம்பராவுக்கு வரும் படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்ததால் ஒரு வருடமாகப் போய்வந்தேன். மிஸ் சொன்னபடி சீ.ஆர். கொப்பியில் இடது பக்கம் மாதிரிக் கடிதத்தை எழுதுவேன். மாற்றக்கூடிய சொற்களின் கீழே பென்சிலால் கோடு போடுவேன். வலது பக்கம் அந்தச் சொற்களை மாற்றி எனக்கான கடிதத்தை எழுதுவேன். சிநேகிதிக்குக் கடிதம், அதிபருக்குக் கடிதம், வேலைக்கு விண்ணப்பம். மனப்பாடமாகிவிட்ட வாக்கியத்தில் பிழை வராது. அந்தச் சாட்சிக் கடிதங்களையும் அப்படியே செய்தேன். சிநேகிதிக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியை எடுத்து, நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்பதை நல்ல சுகத்துடன் இருந்தார் என்று மாற்றினேன். மூன்று பேரும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் அவரைக் கண்டார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஏனென்றால் வெல்லவாய கதையை நானே பாதி நம்பியிருந்தேன்.

மலை இறங்குவதற்கு முதல்நாள், அந்தச் சனிக்கிழமை காலை, எங்களுக்குள் சண்டை. என் கொப்பியில் இருந்த வேலை விண்ணப்பத்தை அவர் கண்டுவிட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. நாலாம் காம்பரா அந்தோனிமுத்து அண்ணன் பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை பார்த்தவர்; அவரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மரியாதைக்குரிய அம்மணி, தங்கள் இல்லத்தில் உள்ள வேலைக்கு நான் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

"எந்த ஊரு அம்மணி?" என்று என் கணவர் கேட்டார். "குவைத்தா, சைப்ரஸா?"

"பாடங்க அது. மிஸ் குடுத்த பாடம்."

"பாடத்துல ஒன்னோட பேரு எதுக்கு இருக்கு? ஒன்னோட வயசு, ஒன்னோட ஐடி நம்பரு?"

"மாத்தி எழுதச் சொன்னாங்க."

"மாத்தித்தான் எழுதுற. எல்லாத்தையும் மாத்து. நீ போறதுக்கு முன்னாடி நான் போயிடுறேன். தேடிக்கிட்டு நிக்காத."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. தேடும்போது அவருடைய பை கிடைக்கவில்லை, சப்பாத்தும் கிடைக்கவில்லை. எங்களுடையது ஐந்தாம் காம்பரா; மண் அதன் பின்சுவரைத்தான் தள்ளியது, உள்ளே நிறைய பொருட்கள் அப்படியே இருந்தன. சப்பாத்தும் பையும் இல்லை. இதை நான் பலீல் சேரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

குழு அலுவலகத்திலிருந்து நேரே சஜீவனி மிஸ்ஸிடம் போனேன்.

"ஒரே விசயத்த மூணு விதமா எழுதுறது எப்படி மிஸ்?"

அவருக்குச் சந்தோஷம். "அதுதான் நிரஞ்சலா அடுத்த பாடம். மாதிரிய மூடி வச்சிட்டு, வாக்கியத்த முன்னபின்ன மாத்தி, வேற சொல் போட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "எதுக்குக் கேக்குறீங்க?"

சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"நான் அத இதுக்குப் படிச்சுக் குடுக்கமாட்டேன். நீங்க பேனாவ எடுக்காதீங்க. அவங்க கண்டத அவங்க எழுதட்டும்."

"அவங்களுக்கு எழுத வராது மிஸ்."

"கண்டிருந்தா வரும்," என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பகல் அவரே பஸ்ஸேறி வந்தார். எங்களைக் குடியேற்றியிருந்தது மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தளத்தில். முன்பு கொழுந்தை வாட்டுவதற்குப் பரப்பிய இடம். நீல விரிப்புகளைத் தொங்கவிட்டுப் பத்தொன்பது குடும்பங்களைப் பிரித்திருந்தார்கள். மிஸ் கையெழுத்துப் போட்ட மூன்று பேரையும் மூன்று மூலைகளில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார்.

"என்ன மிஸ், பொலிஸ்ல போட்டு விசாரிக்கிற மாதிரி மூலைக்கு மூலை ஒக்கார வைக்கிறீங்க?" என்றார் அந்தோனிமுத்து அண்ணன்.

"பரீட்சைன்னு நெனைங்க."

"பரீட்சையில பெயிலாகித்தானே மிஸ் நான் கோழி வெட்டப் போனேன்."

முருகையா மாமா எழுபது வயதுக்காரர், முன்பு தோட்டத்தில் காவலுக்கு நின்ற வாச்சர். "எனக்கு இங்கிலீசுல கம், கோ, யெஸ் சேர் மட்டுந்தான் தாயி," என்றார். "துரைமாருக்கு அது போதுமா இருந்துச்சு."

"எனக்கும் அது போதும் ஐயா. சொல் தெரியாட்டிக் கேளுங்க, தாறேன். விசயத்த மட்டும் நான் தரமாட்டேன்."

மிஸ் எழுதச் சொல்லவில்லை. முதலில் லயத்தை வரையச் சொன்னார். எட்டுக் கட்டம். நீங்கள் நின்ற கட்டத்தில் ஒரு புள்ளி. பிறகு ஐந்து கேள்விகளைக் கேட்டார். எங்கே நின்றீர்கள்? உங்கள் கையில் என்ன இருந்தது? அவர் கையில் என்ன இருந்தது? என்ன சத்தம் கேட்டது? அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு கேள்விக்கு ஒரு வாக்கியம், நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம் என்றார்.

மூன்றாம் கேள்வியில் முருகையா மாமா பென்சிலைக் கீழே வைத்தார்.

"தாயி, அவன் கையில என்ன இருந்துச்சுன்னு கேட்டா... நான் அவனப் பாக்கலையே."

"அப்ப என்ன பாத்தீங்க?"

"கொடியில அவன் சட்டை தொங்குச்சு. இந்த மழையிலயும் எடுக்காமக் கெடக்கே, ஆளு இல்ல போலன்னு நெனச்சேன்."

"அதையே எழுதுங்க."

அந்தோனிமுத்து அண்ணனின் தாளில் நாலு வாக்கியம் இருந்தது. ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போனேன். பூசை முடியும்போது சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். ஜெயரூபனைக் காணவில்லை. பிறகு என்னிடம் வந்து, "நிரஞ்சி, நீ எழுதுனதுலதான் கையெழுத்துப் போட்டேன். நான் பாத்தேன்னு சொல்லவேயில்லையேம்மா," என்றார். உண்மைதான். நான் கேட்கவேயில்லையே.

இராக்கம்மா அக்காவின் தாளில் எட்டுக் கட்டங்கள் இருந்தன, புள்ளி இல்லை. அவர் எங்களுக்கு அடுத்த காம்பரா, ஆறாவது. குவைத்தில் நாலு வருடம் இருந்து, அந்த வீட்டு மேடத்தோடு ஆங்கிலத்திலேயே சண்டை பிடித்ததாகச் சொல்லிச் சிரிக்கிறவர். மூன்று பேரில் அவர்தான் நிறைய எழுதுவார் என்று நான் நினைத்திருந்தேன்.

"கண்ணு மங்குது மிஸ்," என்று பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மிஸ்ஸை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அந்தோனிமுத்து அண்ணன் என்னோடு நடந்து வந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டி எங்களுக்குள் சண்டை மூட்டியது தான்தான் என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு எப்போதும் இருந்தது.

"வெல்லவாய கதையக் கெளப்புனது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். "இராக்கம்மாதான். அங்க இருக்கிற அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டு வந்து சொன்னா."

அதன் பிறகு நான் இராக்கம்மா அக்காவைக் கவனிக்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைகளில் பகல் சாப்பாட்டு நேரத்தில் அவர் தனியாக மலை இறங்கிய சரிவுப் பக்கம் போவார், அரைமணி நேரம் கழித்து வருவார். எங்கள் பக்கத்தில் போனுக்கு சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கேதான். அங்கே போய் யாரோடு பேசுகிறார்? என்னைக் கண்டால் போனை ஏன் மார்புக்குள் வைக்கிறார்? ஜெயரூபனுக்கு அவர் மேல் மரியாதை உண்டு. எங்கள் சண்டைகளில் அக்கா எப்போதும் அவருடைய பக்கம்தான் பேசுவார். அவர் போன இடம் அக்காவுக்குத் தெரியும். ஒருவேளை பையைத் தூக்கிக் கொடுத்ததே இவராக இருக்கலாம். இப்படி யோசித்து யோசித்து, அக்கா தரும் தேத்தண்ணியைக் கூடக் கையில் வாங்கி, அவர் பார்க்காதபோது கீழே ஊற்றினேன்.

ஒரு காலை குழாயடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, வெல்லவாயில அவரக் கண்டீங்களா?"

"யாரு சொன்னா?"

"கண்டீங்களா, இல்லையா?"

"கண்ட மாதிரி இருந்துச்சு புள்ள."

"என்ன சட்டை?"

"சட்டையெல்லாம் யாரு பாத்தா."

"நின்னாரா, நடந்தாரா? கையில என்ன இருந்துச்சு?"

வாளி பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே தூக்கினார். "நீ என்ன பொலிஸா? அந்த மிஸ் வந்து ஒனக்கும் பைத்தியம் புடிக்க வச்சிட்டுப் போயிட்டா. எங்கயாச்சும் உசுரோட இருக்கட்டுமேன்னு நெனைக்கிறது குத்தமா?"

"இருந்தா எனக்குச் சொல்லுங்க. எங்கன்னு சொல்லுங்க."

அக்கா தண்ணீர் சிந்திக்கொண்டே போனார். இருபத்திரண்டாம் திகதி தன்னால் வரமுடியாது, முழங்கால் வலி என்று பிறகு சொல்லியனுப்பினார்.

மிஸ் மறுத்த பாடத்தை நான் கொப்பியைப் பார்த்து நானே படித்துக்கொண்டேன். முன்னதைப் பின்னால் வைத்தேன். வாசல் என்பதை முற்றம் ஆக்கினேன். முருகையா மாமாவுக்கு மூன்று சிறிய வாக்கியம், அந்தோனிமுத்து அண்ணனுக்கு ஒரு நீண்ட வாக்கியம், இராக்கம்மா அக்காவுக்கு இரண்டு இடத்தில் வேண்டுமென்றே பிழை. மூன்று பேரும் மூன்று குரலில் அவரை அன்று காலை கண்டார்கள். மனப்பாடம் செய்து அங்கே போய் எழுதினால் போதும். முருகையா மாமாவிடம் காட்டினேன். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும், குடு," என்று கையை நீட்டினார்.

கொடுக்க முடியவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. அந்தத் தாள்களைக் கொடுத்துச் சான்றிதழ் வந்துவிட்டால், அவர் எங்கே போனார் என்று அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. நானே எழுதிய பதிலோடு நான் வாழவேண்டும்.

இருபத்திரண்டாம் திகதி காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம். முன் சீட்டில் இராக்கம்மா அக்கா ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணி கட்டியிருந்தார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பலீல் சேர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முருகையா மாமா சட்டையைப் பற்றி எழுதினார். அந்தோனிமுத்து அண்ணன் கோயிலைப் பற்றி எழுதி, நிரஞ்சலா நல்ல பெண் என்பதால் முந்திய தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று கடைசியில் சேர்த்திருந்தார். மூன்றாவதாக நான் போனேன். மாதிரிக் கடிதம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்தாலும் அதில் இதற்கு இடமில்லை. நான் அன்று வீட்டில் இல்லை. முதல்நாள் நாங்கள் சண்டை போட்டோம். அவர் போய்விடுவேன் என்றார். அவருடைய பையும் சப்பாத்தும் வீட்டில் இல்லை. அவர் இறந்தாரா போனாரா எனக்குத் தெரியாது. ஐந்து வாக்கியத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

பலீல் சேர் இரண்டு தரம் வாசித்தார். அவருடைய குரல் அன்றைக்குப் போல் இல்லை.

"தங்கச்சி, இதக் குடுத்தா உங்களுக்குத்தான் பாதகம். ஓடிப்போன ஆள்னுதான் குழு நினைக்கும். விளங்குதா?"

"விளங்குது சேர்."

"அப்ப ஏன் எழுதுனீங்க?"

"நீங்க கேட்டீங்க சேர்."

வெளியே கிடந்த மர வாங்கில் வந்து உட்கார்ந்தேன். இராக்கம்மா அக்கா உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. ஒரு மணி நேரம் இருக்கும். கதவு திறந்தபோது பலீல் சேர்தான் வந்தார். தாளை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வாசிங்க. அவங்கதான் குடுக்கச் சொன்னாங்க."

குவைத்து வீட்டில் கற்ற ஆங்கிலம். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

என் பெயர் இராக்கம்மா. ஆறாம் காம்பரா. அன்று காலை மழை. பட்டியில் என் மாடு கத்தியது. எனக்கு முழங்கால் வீக்கம், ஏற முடியாது. ஜெயரூபன் தம்பியைக் கூப்பிட்டேன். தம்பி சப்பாத்துப் போட்டிருந்தது. தோளில் பை இருந்தது. பதுளைக்குப் போகிறேன் என்றது. நிரஞ்சலாவைக் கூட்டி வரப் போகிறேன் என்றது. நான் சொன்னேன், முதலில் மாட்டை அவிழ்த்துவிடு, பிறகு போ. தம்பி பையோடு மேலே போனது. மாடு கீழே வந்தது. தம்பி வரவில்லை. பிறகு மலை வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வெல்லவாயவில் கண்டேன் என்று சொன்னேன். நான் காணவில்லை. கண்டால் நல்லது.

நான் அந்தத் தாளை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பலீல் சேர் முருகையா மாமாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பட்டியில எத்தின மாடு நின்டிச்சி?"

"அஞ்சு சேர். நாலும் மண்ணுக்குள்ள. இவ மாடு ஒன்னுதான் தப்பிச்சது. நான்தான் ரோட்டுல புடிச்சேன்."

"கழுத்துல கயிறு இருந்திச்சா?"

மாமா தலையில் கையை வைத்தார். "இல்ல சேர். கயிறே இல்ல. அறுத்துக்கிட்டு வந்தா துண்டுக் கயிறாச்சும் கழுத்துல கெடக்கும். யாரோ அவுத்து விட்டுருக்காங்க. நாலு மாசமா எனக்கு இது தோணலையே."

பலீல் சேர் அதையும் எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு என்னிடம் வந்து, "குழுவுக்கு இது போதும்," என்று மட்டும் சொன்னார். சித்திரையில் சான்றிதழ் வந்தது. ஆனால் எனக்கு அன்று அக்கா எழுதியது போதவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இராக்கம்மா அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் பதுளைக் கடைகளைத் தாண்டியது.

அந்தத் தாளில் ஒரு வாக்கியம் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. நிரஞ்சலாவைக் கூட்டி வரப் போகிறேன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. நல்ல சுகத்துடன் இருந்தார் என்பது போலவே. மற்றவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பது எவ்வளவு சுலபம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பையும் சப்பாத்துமாக நின்றவர் எங்கே போகப் புறப்பட்டார் என்று அவர் வாயால் சொன்னாரா, இல்லை இந்த மனுசி எனக்காகச் சேர்த்தாரா?

"அக்கா. என்னக் கூட்டிவரப் போறேன்னு அவரு சொன்னாரா?"

"எழுதியிருக்கேனே."

"எழுதுறது வேற. எங்க நின்னு சொன்னாரு?"

"வீட்டுப் பின்னால, கோடிப்பக்கம். தண்ணிப் பீலிகிட்ட."

"நீங்க எங்க நின்னீங்க?"

"அடுப்படி வாசப்படியில. ரொட்டிக்கு மாவு பெசஞ்ச கையோட."

"அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க. நீங்களா ஒன்னும் சேக்காதீங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "கோவமாத்தான் சொன்னாரு. அவ எங்க போகணுமோ போகட்டும், ஆனா இந்த மழையில பஸ்ஸு பசறையோட நின்னுரும். அங்கேயிருந்து நடந்து வந்தான்னா ஏத்தத்துல மூச்சு இழுத்துக்கும். பம்பு அலுமாரியிலேயே கெடக்கு, அதைக் கூட எடுத்துக்கிட்டுப் போகல மூதேவின்னாரு. பம்புன்னா என்னன்னு எனக்கு வெளங்கல. பைக்குள்ள கையை விட்டு எடுத்துக் காட்டினாரு. நீலமா, சின்னதா."

எனக்கு இழுப்பு இருப்பது லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பிள்ளைக்காம்பரா வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று ஏழு வருடம் மறைத்தேன். மருந்தைப் பதுளையில்தான் வாங்குவேன். உறிஞ்சும்போது கதவைச் சாத்திக்கொள்வேன். அவருக்கு மட்டும் தெரியும். அலுமாரியில் அந்தப் பம்பு இல்லாததை நான் கவனித்திருந்தேன். மண்ணில் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதை இராக்கம்மா அக்காவால் சேர்த்திருக்க முடியாது.

"ஏன் இத நீங்க எழுதல?"

"பம்புக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல. அந்த சேருகிட்ட கேக்கவும் பயமா இருந்துச்சு." கண்ணைத் துடைத்தார். "வெள்ளிக்கெழம தோறும் போன் பேசப் போற மாதிரி அந்தச் சரிவுலதான் போய் நின்னுட்டு வாறேன். நான் கூப்பிடாம இருந்திருந்தா அவரு நேரா ரோட்டுக்கு எறங்கியிருப்பாரு புள்ள."

நான் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பசறையில் இறங்கி மடுல்சீமை பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். நான் முன்னால் நடந்தேன். வீங்கிய முழங்காலோடு அவர் பின்னால் வந்தார். "மெதுவாப் போ புள்ள, மூச்சு வாங்கும்," என்றார். நான் மெதுவாகப் போகவில்லை. பஸ்ஸில் முதலில் ஏறி, இரண்டு பேர் உட்காரும் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்து இடத்தில் என் கைப்பையை வைத்து, வந்து கேட்டவர்களிடம் ஆள் இருக்கிறது என்று சொன்னேன்.